சுயவிருப்பத்தின் பேரில்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்தாலும் பேச்சை ஏதாவது ஒரு போரின் பக்கம் திருப்பிவிடுவார். அன்றைக்குக் கொரியா. 1950இல் தொடங்கிய போர், தென்கொரியா பக்கம் அமெரிக்கா, வடகொரியா பக்கம் சீனா. "பிடிபட்ட சீனாக்காரன் இருபத்தோராயிரம் பேரு. அதுல பதினாலாயிரம் பேரு ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேன்னுட்டான். மூணுல ரெண்டு பங்கு. வீடு, வாசல், பெத்தவங்க எல்லாத்தையும் விட்டுட்டு ஒருத்தன் போக மாட்டேங்கறான்னா அந்த ஆட்சி எப்படி இருந்திருக்கும்? இதுக்கு மேல என்னப்பா அத்தாட்சி வேணும்? நோட்டீஸ் போட்டே அமெரிக்காக்காரன் ஜெயிச்சிட்டான்" என்றார். "ஆமா மாமா" என்று நானும் தலையாட்டினேன். பல வருடங்களாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. "போக மாட்டேன்னுட்டான்" என்ற ஒரு சொல்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே நின்றுகொண்டு சொன்னான்? யாரிடம் சொன்னான்? சொல்லும்போது அவன் பக்கத்தில் யார் நின்றார்கள்? அதற்கு முந்தைய இரவு அவன் எங்கே படுத்திருந்தான்? தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சில வாரங்களில் மாமாவிடம் தலையாட்டியதை நினைத்து மனம் சங்கடப்பட்டது. நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். போரின் கதை முழுவதும் சொல்லப்போவதில்லை. அந்தக் கைதிகளைப் பற்றி மட்டும்.

விரும்பி வந்த படை

1950 அக்டோபர் 19ஆம் தேதி இரவு சீனப் படைகள் எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தன. அந்தப் படைக்கு வைத்த பெயர் 'மக்கள் தன்னார்வப் படை'. சீன அரசு அமெரிக்கா மேல் நேரடியாகப் போர் தொடுத்ததாக ஆகிவிடக் கூடாது. ஆகவே இவர்கள் எல்லாரும் கொரிய மக்களுக்கு உதவத் தாங்களாகவே விரும்பிக் கிளம்பியவர்கள் என்று சொல்லப்பட்டது. சீருடையில் இருந்த சீன ராணுவ அடையாளங்களைக் கழற்றிவிட்டுத்தான் ஆற்றைத் தாண்டினார்கள். உண்மையில் வந்தவை தளபதி பெங் தெஹுவாய் தலைமையில் முழு முழு ராணுவப் பிரிவுகள். பிரிவுக்கு உத்தரவு வந்தது, பிரிவில் இருந்தவன் கிளம்பினான். அவனுடைய விருப்பத்தை யாரும் தனியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டாலும் கூட்டத்தில் வைத்துத்தான் கேட்டிருப்பார்கள். எல்லாரும் கை தூக்கும்போது தானும் தூக்கியிருப்பான்.

சிச்சுவான் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவனை மனதில் வைத்துப் பார்க்கிறேன். அவனுக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை, அவனைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். சியாங் கை-ஷேக்கின் தேசியவாத அரசு ஆள் பிடித்த காலத்தில் ஊரில் இருந்து இளைஞர்களைக் கயிற்றால் ஒருவரோடு ஒருவர் பிணைத்து இழுத்துப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவன் அவன். அதிகாரி அடிப்பார், சம்பளத்தை நடுவில் யாரோ விழுங்கிவிடுவார்கள். உள்நாட்டுப் போரில் தேசியவாதிகள் தோற்று, 1949 கடைசியில் அவன் இருந்த படை மொத்தமாகக் கம்யூனிஸ்டுகளிடம் சரணடைந்தது. கொஞ்ச நாளில் அதே துப்பாக்கி, தொப்பியில் மட்டும் வேறு சின்னம். அவனைப் போன்றவர்களுக்குப் புதுப் படையில் ஒரு பெயர் இருந்தது: 'விடுதலை செய்யப்பட்ட போர்வீரன்'. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் அவன் 'தன்னார்வ வீரன்' ஆகி கொரிய மலைகளில் நடந்துகொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் மூன்று பெயர்கள். ஒன்றுகூட அவனாக வைத்துக்கொண்டது இல்லை.

ஆனால் இதை வைத்து அவன் மனதில் ஒன்றுமே இல்லை, வெறும் பொம்மை என்று நினைத்தால் அதுவும் தவறு. புதுப் படையில் அவனுக்கு நிஜமாகவே பிடித்த விஷயங்கள் இருந்தன. அதிகாரிகள் சிப்பாயை அடிக்கக் கூடாது என்பது விதி. 'துயரம் சொல்லும் கூட்டம்' என்று ஒன்று நடக்கும். பண்ணையார் நிலத்தைப் பிடுங்கியது, அக்காவை விற்றது, அப்பா பஞ்சத்தில் செத்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். கேட்பவர்கள் அழுவார்கள். அந்த அழுகையில் பெரும்பகுதி உண்மையானது என்றே நான் நம்புகிறேன். நிலச் சீர்திருத்தத்தில் வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தவனுக்கு 'வீட்டைக் காப்போம், நாட்டைக் காப்போம்' என்ற முழக்கம் வெறும் முழக்கமாக இருந்திருக்காது. அதே சமயம் மூன்று மூன்று பேராகக் குழு பிரித்திருந்தார்கள். ஒருவன் சோர்ந்து போனால் மற்ற இருவரும் தேற்ற வேண்டும், ஒருவன் தப்பி ஓட நினைத்தால் மற்ற இருவரும் சொல்ல வேண்டும். பாசமும் வேவும் ஒரே குழுவுக்குள் இருந்தன. இரவில் பக்கத்தில் படுத்திருப்பவன் நண்பனா, நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து தன்னைப் பற்றிப் பேசப் போகிறவனா என்று தெரியாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்திருப்பான். படையை விட்டு ஓடுவது என்பது இந்த மூவர் குழுவையும் ஏமாற்றி ஓடுவது. அதனால்தான் சண்டை சாதகமாக இருந்தவரை அந்தப் படையில் இருந்து ஓடியவர்கள் குறைவு.

ஒரு பிடி மாவு, ஒரு பிடி பனி

சீன வீரன் தோளில் குறுக்காக ஒரு துணிக் குழாய் தொங்கும். அதில் வறுத்து அரைத்த தானிய மாவு. நம் வீட்டுச் சத்துமாவு மாதிரிதான், சர்க்கரையும் ஏலக்காயும் கிடையாது, உப்பு இருந்தால் உண்டு. அடுப்பு மூட்டினால் புகை தெரியும், புகை தெரிந்தால் விமானம் வரும். அதனால் மாவை அப்படியே வாயில் போட்டு, தண்ணீருக்குப் பதில் தரையில் இருந்து பனியை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். 'ஒரு பிடி மாவு, ஒரு பிடி பனி' என்பது அவர்களுக்குள் பழமொழி போலவே ஆகிவிட்டது. மாவு தொண்டையில் ஒட்டும், பனி பல்லைக் கூசவைக்கும். அதையே தினமும் தின்றால் வாய் புண்ணாகும், வயிறு கெடும். சாங்ஜின் ஏரிப் பக்கம் போன ஒன்பதாவது படைத்தொகுதிக்கு இந்த மாவே சரியாகப் போய்ச் சேரவில்லை. மைனஸ் 30 டிகிரிக் குளிரில் துணிச் செருப்பு போட்டு நின்றவர்களில் பல்லாயிரம் பேர் குண்டு படாமலே, பனிக்கடியில் முடங்கிப் போனார்கள்.

தோளில் தொங்கும் மாவு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு வரும். இந்தக் கணக்கை அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வே கண்டுபிடித்துவிட்டார். சீனத் தாக்குதல் ஏழெட்டு நாளில் தானாகவே மூச்சு வாங்கி நிற்கும், அந்த நேரம் பார்த்துத் திருப்பி அடித்தால் போதும். 1951 ஏப்ரல் 22இல் தொடங்கிய வசந்தகாலத் தாக்குதல் மே மாதக் கடைசியில் அப்படித்தான் உடைந்தது. சீனக் கைதிகளில் பெரும்பாலானோர் பிடிபட்டது அந்தச் சில வாரங்களில்தான். 60ஆவது ராணுவத்தின் 180ஆவது டிவிஷன் பின்வாங்க முடியாமல் சுற்றி வளைக்கப்பட்டது. மாவு தீர்ந்து போய் இலையையும் புல்லையும் தின்றார்கள், சிலர் விஷச்செடி தின்று செத்தார்கள். அந்த டிவிஷனின் அரசியல் அதிகாரிகளில் மூத்தவரான ஊ செங்தே, தான் மட்டும் தப்பிப் போக மாட்டேன் என்று காயம்பட்டவர்களுக்குக் காட்டுவதற்காக அவர்கள் கண் முன்னாலேயே தன் குதிரையைச் சுட்டுக் கொன்றார் என்று சொல்வார்கள். பிறகு சிலரோடு மலைக்காட்டில் ஒளிந்து திரிந்து 1952 ஜூலையில்தான் பிடிபட்டார். பிடிபட்ட சீனர்களில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் அவர்தான்.

இப்போது மாமா சொன்ன நோட்டீஸுக்கு வருகிறேன். அமெரிக்கத் தரப்பு கொரியாவில் போட்ட நோட்டீஸ்கள் 250 கோடி அளவுக்கு இருக்கும். விமானத்தில் இருந்து கட்டுக் கட்டாக விழும், பீரங்கிக் குண்டுக்குள் அடைத்தும் சுடுவார்கள். ஒலிபெருக்கி கட்டிய விமானங்களில் இருந்து பெண் குரல் பேசும். நோட்டீஸ்களில் முக்கியமானது சரணடையும் சீட்டு. சீன மொழியிலும் கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கும். இதைக் கையில் வைத்துக்கொண்டு வருபவனைச் சுடக் கூடாது, நல்லபடி நடத்த வேண்டும் என்று தளபதியின் கையெழுத்தோடு தங்கள் சிப்பாய்களுக்கே சொல்லியிருக்கும். நம் சிச்சுவான் பையனுக்கு எழுத்து தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் படமும் போட்டிருப்பார்கள்: கை தூக்கி வருபவன், சாப்பிடுபவன், ஊரில் காத்திருக்கும் அம்மா.

வயிறு நிரம்பியிருந்து, மூவர் குழு கலையாமல், அதிகாரி உயிரோடு இருக்கும்போது அந்தக் காகிதத்தைப் பார்த்து ஓடி வந்தவர்கள் அதிகம் இல்லை. அதை எடுத்துப் படித்தாலே தண்டனை. மாவு தீர்ந்து, அதிகாரி செத்து, குழுவில் மற்ற இருவரும் எங்கே என்று தெரியாத நேரத்தில் அந்தச் சீட்டுக்கு வேறு பயன் வந்தது. அமெரிக்கர்கள் பிடித்தால் கொன்றுவிடுவார்கள் என்று அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பயத்தைச் சீட்டு கொஞ்சம் தளர்த்தியது. அவ்வளவுதான். எந்தக் கட்சி நல்லது என்ற கேள்வியே அந்தப் பள்ளத்தாக்கில் எழுந்திருக்காது. பசித்தவன் கையைத் தூக்கினான். அதை மனமாற்றம் என்று எழுதி வைத்துக்கொண்டவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

ஊசியும் மையும்

கைதிகளைத் தென்கொரியாவின் பூசானுக்கு அருகே இருக்கும் கொஜே தீவில் அடைத்தார்கள். கொரியர்களும் சீனர்களுமாக 1.5 லட்சம் பேருக்கு மேல். கம்பிவேலி போட்ட அடைப்புகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள். இத்தனை பேருக்கு அமெரிக்கக் காவலர்கள் போதவில்லை, மொழியும் தெரியாது. பகலில் வெளியே நின்று பார்ப்பார்கள். இரவில் அடைப்புக்குள் நடப்பதெல்லாம் கைதிகளின் தலைவர்கள் கையில். சீனர்கள் இருந்த 72ஆவது, 86ஆவது அடைப்புகளில் தலைவர்களாக அமர்ந்தவர்கள் பழைய தேசியவாதப் படையைச் சேர்ந்த, கம்யூனிஸ்டுகள் மேல் தீராத பகை கொண்ட ஆட்கள். சாப்பாடு பங்கு போடுவது அவர்கள், வேலைக்கு ஆள் அனுப்புவது அவர்கள், அடிப்பதும் அவர்கள். தோற்றுப்போன தேசியவாத அரசு ஒதுங்கியிருந்த தைவானில் இருந்து ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வந்து வகுப்பு நடத்தினார்கள்.

அங்கேதான் பச்சை குத்துவது ஆரம்பித்தது. ஊசியும் மையும் போதும். 'கம்யூனிசத்தை எதிர், ருஷ்யாவை எதிர்' என்று நான்கு எழுத்துகள். இன்னொன்று 'ஜூவைக் கொல், மாவோவைப் பிடுங்கு'. ஜூ என்றால் தளபதி ஜூ தெ. சீன மொழியில் அந்த ஒலி பன்றிக்கும் பொருந்தும், மாவோ என்பது மயிருக்கும் பொருந்தும். அதாவது பன்றியை அறுத்து மயிரைப் பிடுங்கு. சிலர் விரும்பியே குத்திக்கொண்டார்கள், அதில் சந்தேகம் இல்லை. பலரைப் பிடித்து அழுத்தி வைத்துக் குத்தினார்கள். எழுத்துத் தெரியாத ஒருவன் தன் கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். தெரிந்த அந்த நிமிடத்தில் அவனுக்கு ஊர் இல்லாமல் போய்விட்டது. மாவோவைப் பிடுங்கு என்று தோலில் எழுதிக்கொண்டு மாவோவின் நாட்டுக்குள் எப்படிப் போய் நிற்பான்? நோட்டீஸை வேண்டாம் என்றால் கீழே போட்டுவிடலாம். இதைக் கழுவ முடியாது.

இதற்கிடையில் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு சொல் வந்து சேர்ந்தது. போர் முடிந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின் 118ஆவது பிரிவு. ஆனால் 1952 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்கத் தரப்பு, விருப்பம் உள்ளவரை மட்டுமே அனுப்புவோம் என்றது. தன்விருப்பத்தின் பேரில் திரும்புதல். 1945இல் ஸ்டாலினிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட சோவியத் கைதிகளுக்கு நேர்ந்த கதி அமெரிக்க அதிபர் ட்ரூமன் மனதில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த யோசனைக்குள் ஒரு நல்லெண்ணம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் இதைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் சொல்தான். இந்த மனிதர்களைப் போருக்கு அனுப்பியவர்களும் 'தன்விருப்பம்' என்றார்கள். இப்போது பிடித்து வைத்திருப்பவர்களும் 'தன்விருப்பம்' என்கிறார்கள்.

1952 ஏப்ரல் 8ஆம் தேதி விசாரணை தொடங்கியது. ஒவ்வொரு கைதியிடமும் தனியாக ஏழு கேள்விகள். சீனாவுக்குத் திரும்ப விருப்பமா? திருப்பி அனுப்பினால் பலவந்தமாக எதிர்ப்பாயா? உன் முடிவால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா? திரும்பிப் போகிறவர்கள் போன பிறகும் நீ இங்கேயே வெகுநாள் கிடக்க வேண்டியிருக்கும், தெரியுமா? உன்னை எங்கே அனுப்புவோம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை, புரிகிறதா? இன்னும் எதிர்ப்பாயா? அப்படியும் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வாய்? கேள்விகளைப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகின்றன. நிதானமாக, திரும்பிப் போகும் பக்கம் மனதை இழுக்கும் விதமாகக்கூட இருக்கின்றன.

ஆனால் அதற்கு முந்தைய இரவுகளில் 72ஆவது அடைப்பில் தலைவர்கள் தாங்களே ஒரு விசாரணை நடத்தி முடித்துவிட்டார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவன் முன்னால் வா என்றார்கள். நம்பி முன்னால் வந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். போவதென்றால் போ, பச்சை குத்திய தோலை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று கத்தியை எடுத்துக் கையில் இருந்து சதையை அறுத்தார்கள். விசாரணைக்கு முந்தைய இரவு, திரும்பிப் போவேன் என்று உறுதியாக நின்ற ஒரு மாணவரை எல்லாரும் பார்க்க அப்படி அறுத்து, கொன்று, நெஞ்சைப் பிளந்தார்கள். பிறகு சீனாவுக்குத் திரும்பியவர்கள் அந்த இரவைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் மறுநாள் காலை வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் போய், ஏழு கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள்.

நான் என் கருத்தை மாற்றிக்கொண்டது இந்த இடத்தில்தான். திரும்பியவர்கள் பேச்சை மட்டும் வைத்து நான் மாறவில்லை. அவர்கள் சொல்வதைக் கம்யூனிஸ்டுப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியும், பலர் ஒதுக்கவும் செய்தார்கள். அமெரிக்கத் தரப்பின் தலைமைப் பேச்சுவார்த்தையாளராக இருந்த அட்மிரல் டர்னர் ஜாய், அந்த ஏப்ரல் மாதத்திலேயே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்: கைதிகளில் பெரும்பாலோர் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாத அளவுக்குப் பயந்து போயிருந்தார்கள், எந்தக் கேள்வி கேட்டாலும் 'தைவான், தைவான்' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் கேள்வித்தாளில் தைவான் என்ற பேச்சே கிடையாது. குடும்பத்தைப் பற்றி யோசித்தாயா என்றால் தைவான். புரிகிறதா என்றால் தைவான். அடுத்த அடைப்பு வரைக்கும் உயிரோடு போய்ச் சேர அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

ஏப்ரல் 19ஆம் தேதி எண்ணிக்கையை மேசையில் வைத்தார்கள். எல்லா நாட்டவரும் சேர்த்துத் திரும்பப் போகிறவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். அதில் சீனர்கள் 5,100. அதற்கு முன்னால் 1,16,000 வரலாம் என்று எதிர்பார்க்க வைத்திருந்தார்கள். பேச்சுவார்த்தை முட்டி நின்றது. மற்ற விஷயங்கள் ஏறத்தாழ எல்லாம் பேசி முடித்த நிலையில், இந்த ஒன்றுக்காகப் போர் 1953 ஜூலை 27 வரை இழுத்தது. இன்னும் எத்தனையோ சிச்சுவான் பையன்களும் அயோவா பையன்களும் கொரியப் பையன்களும் அந்தக் குன்றுகளில் செத்தார்கள்.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்து அடைப்புகளும் புனிதமானவை கிடையாது. திரும்புவோம் என்றவர்களைப் பிரித்து வைத்த 602ஆவது அடைப்பில் கட்சிக் கட்டுப்பாடு இரும்பு மாதிரி இருந்தது. அவர்கள் பிறகு ஜெஜு தீவுக்கு மாற்றப்பட்டார்கள். 1952 அக்டோபர் 1ஆம் தேதி சீனாவின் தேசிய தினத்துக்குக் கொடி ஏற்றினார்கள், காவலர்கள் சுட்டதில் ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். கொடி ஏற்றியவர்களில் அதைத் தானாக விரும்பிச் செய்தவன் யார், பக்கத்தில் நின்றவனுக்குப் பயந்து நின்றவன் யார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதேபோல 14,000 பேரில் நிஜமாகவே கம்யூனிஸ்டு ஆட்சியை வெறுத்தவர்களும், ஊரில் நிலம் போய் அப்பாவைக் கொன்ற செய்தி கேட்டவர்களும் கட்டாயம் இருந்தார்கள். அவர்கள் வெறுப்பு பொய் இல்லை. ஆனால் அவர்கள் எத்தனை பேர் என்று இனி யாராலும் எண்ண முடியாது. அந்த இரவு அதை அழித்துவிட்டது.

இரண்டு கதவுகள்

1953இல் போர் நின்றபோது, திரும்ப மறுத்த கைதிகளை நடுநிலையான ஒருவரிடம் ஒப்படைப்பது என்று முடிவானது. அந்தப் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. இதற்கென்று அமைத்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா, காவல் படைக்குத் தளபதி மேஜர் ஜெனரல் தோரட். அந்தப் படை 1953 ஆகஸ்டில் மெட்ராஸ் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறியது. தென்கொரிய மண்ணில் இந்திய வீரன் கால் வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அடம் பிடித்ததால், இன்சோனில் இருந்து அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் போர் நிறுத்தப் பகுதியில் இறக்கினார்கள். அவர்களிடம் வந்த கைதிகள் 22,600 பேர். அதில் 14,700 பேர் சீனர்கள்.

அங்கே போட்டிருந்த கூடாரங்களைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. கைதியை இந்திய வீரர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார்கள். ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் சீனாவில் இருந்து வந்த அதிகாரிகள், தாய்நாடு உன்னை மன்னித்துவிட்டது, வா என்று பேசுவார்கள். சில கைதிகளிடம் மணிக்கணக்கில் பேசினார்கள். கைதி கத்துவான், துப்புவான், பாட்டுப் பாடுவான், நாற்காலியைத் தூக்குவான். வெளியே அவனுடைய அடைப்புத் தலைவர்கள் காத்திருப்பார்கள். கூடாரத்துக்கு வெளியேற இரண்டு கதவுகள். ஒன்று சீனாவுக்கு, ஒன்று திரும்பவும் கம்பிவேலிக்குள். சில நொடிகளில் நடந்து போய்விடலாம். அந்த இடைவெளியில் நின்றுகொண்டு, கையில் மாவோவைப் பிடுங்கு என்ற எழுத்தோடு, ஒருவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

தொண்ணூறு நாள் ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் நிஜமாகப் பேச்சு நடந்தது பத்து நாள் அளவுக்குத்தான். பெரும்பாலான கைதிகள் கூடாரத்தைப் பார்க்கவே இல்லை. சீனர்களில் 440 பேர் மட்டும் அங்கிருந்து ஊர் திரும்பினார்கள். சிலர் இரவில் வேலியைத் தாண்டி இந்தியக் காவலர்களிடம் ஓடி வந்து காப்பாற்றச் சொன்னவர்கள். 14,000 பேருக்கு மேல் 1954 ஜனவரியில் தைவானுக்குக் கப்பல் ஏறினார்கள். ஜனவரி 23ஆம் தேதியைத் தைவான் 'சுதந்திர தினம்' என்று கொண்டாடியது. மாமா சொன்ன எண்ணிக்கை அங்கிருந்து வந்ததுதான். இன்னொரு பக்கம், ஊருக்குத் திரும்ப மறுத்துச் சீனாவுக்கே போன அமெரிக்கக் கைதிகள் 21 பேர் இருந்தார்கள். அவர்களை அமெரிக்காவில் யாரும் சுயவிருப்பம் என்று சொல்லவில்லை. மூளைச்சலவை என்றார்கள்.

திரும்பிப் போன 7,000 பேருக்கு என்ன ஆனது என்று தெரிந்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பூமாலை போட்டு வரவேற்றார்கள், அப்புறம் வடகிழக்கில் சாங்து என்ற ஊரில் வைத்து விசாரித்தார்கள். ஏன் சரணடைந்தாய், ஏன் சாகவில்லை, முகாமில் எதிரிக்கு என்ன செய்தாய், கையில் இந்த எழுத்து எப்படி வந்தது. கட்சியில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உறுப்பினர் தகுதி போய்விட்டது. ஊரில் துரோகி என்ற பெயர். கலாசாரப் புரட்சியில் திரும்பவும் அடி. குதிரையைச் சுட்டுக் கொன்ற ஊ செங்தேயும் கட்சியில் இருந்து நீக்கப்பட்டு ஒரு பண்ணையில் பல வருடங்கள் வேலை பார்த்தார். முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜாங் ஸெஷி போன்றவர்கள் விடாமல் மனுப் போட்டு, 1980இல் வந்த ஓர் உத்தரவுக்குப் பிறகுதான் இவர்கள் பெயரில் இருந்த கறை நீங்கத் தொடங்கியது. திரும்பிப் போனால் வாழ விட மாட்டார்கள் என்று 72ஆவது அடைப்பின் தலைவர்கள் சொன்னது, கடைசியில் ஒரு வகையில் பலித்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை அதிகமாகிறது.

தைவான் போனவர்களில் பெரும்பாலோரை நேராகத் திரும்பவும் படையில் சேர்த்தார்கள். பலர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1987 கடைசியில்தான் சீனாவில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போக அனுமதி கிடைத்தது. அம்மா இறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன்னால் சிலர் மருத்துவரிடம் போய்ப் பச்சை குத்திய தோலை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். அறுபது வயதுக் கையில் புதுத் தழும்பு.

பொங்கலுக்குப் போனபோது மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஏழு கேள்விகளை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வெகுநேரம் கழித்து, "நான் சேர்ந்த புதுசுல எங்க யூனிட்டுக்கு ஒரு பழைய ஆளு வருவாரு. கொரியா போயிட்டு வந்தவரு. ராத்திரி வேலிகிட்ட ஓடி வந்து காலைப் பிடிச்சிக்குவானுங்கன்னு சொல்வாரு. நான் அப்ப அதைக் கதைன்னு நெனச்சேன்" என்றார்.

அப்புறம் கேட்டார்: "ரெண்டு பக்கமும் வேணாம்னு சொன்னவன் ஒருத்தன்கூட இல்லையா?"

இருந்தார்கள். சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம், வேறு ஏதாவது நாட்டுக்கு அனுப்புங்கள் என்று சொன்ன சீனர்கள் 12 பேர். கொரியர்களையும் சேர்த்து மொத்தம் 88 பேர். ஊர் திரும்பிய இந்தியப் படையோடு அவர்களும் கப்பல் ஏறி, 1954 பிப்ரவரியில் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். ராஜாஜி சாலையில் பஸ் துறைமுகச் சுவரை ஒட்டிப் போகும்போது இப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். மொழி தெரியாத ஊரில், மாசி வெயிலில், அந்தப் பன்னிரண்டு பேர் கப்பல் படிக்கட்டில் இறங்கி வருவதை நினைத்துப் பார்ப்பேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்களா, கையை மடித்து விட்டிருந்தார்களா என்று.